கெங்கம்மாளிடம் பன்றி இல்லை

நோட்டும் பேனாவுமாக யார் தெருவுக்குள் நுழைந்தாலும், கேள்விக்கு முன்பே கெங்கம்மாள் பதிலைச் சொல்லிவிடுவாள். “எங்கிட்ட இன்னா பன்னி இருக்குது சார்? எல்லாம் ஆத்துல மேயறதுங்க. யாருதோ.” சொல்லிக்கொண்டே, காலில் வந்து முட்டும் குட்டியைப் பாதத்தால் தள்ளிவிடுவாள். அது போகாது.

ஆம்பூருக்கு வெளியே, பாலாற்றங்கரையில் பதினாலு பன்றிகள் இப்படி ‘யாருதோ’வாக மேய்கின்றன. விடிந்ததும் மூன்று சக்கர வண்டியில் டிரம்களை ஏற்றிக்கொண்டு கல்யாண மண்டபங்களைச் சுற்றி மீந்த சோறும் சாம்பாரும் கொண்டு வருவாள். அதை அடுப்பேற்றி நன்றாகக் கொதிக்கவிட்டு, ஆறவைத்துத்தான் தொட்டியில் ஊற்றுவாள். யாருடைய பன்றிகளுக்கோ ஒருத்தி ஐம்பத்திரண்டு வயதில் இவ்வளவு செய்வது பெரிய தர்மம்தான். பதினாலுக்கும் இடது காதில் ஒரே மாதிரி அடையாள வெட்டு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கத் துணிந்தவளுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டா?

மூன்று வருடத்துக்கு முன், “உங்களுதா?” என்று மரியாதையாகக் கேட்ட ஒருவரிடம் ஆமாம் என்றாள். மறுநாள் பன்றி பிடிக்கும் வண்டி வந்து ஒன்பதை அள்ளிக்கொண்டு போனது. அதோடு உண்மை பேசுவதை விட்டுவிட்டாள்.

இதனால் பேஜாரானவர் கால்நடை ஆய்வாளர் கார்முகிலன். பன்றிகளைக் கொல்லும் காய்ச்சலுக்கு அவர் போடும் தடுப்பூசி இலவசம். ஆனால் ஊசி போட்ட பன்றிக்குக் காதில் எண் போட்ட வில்லை மாட்ட வேண்டும். வில்லை எண்ணுக்கு நேரே உரிமையாளர் பெயரை எழுத வேண்டும். போன முறை தெருவில் ஒருவர்கூட உரிமையாளர் இல்லை. ஐஸ் பெட்டியைத் திறக்காமலே திரும்பினார்.

போன வாரம் நாலு வீடு தள்ளி முனிரத்தினத்தின் பன்றிகள் தீனியை விட்டன. காதும் வயிறும் சிவந்து, பிறகு நீலம் பாரித்தன. ஆறே நாளில் பதினொன்று செத்தன. போன முறை அவரும் “எங்கிட்ட இல்ல” என்றவர்தான். அப்படிச் சொல்லச் சொல்லிக்கொடுத்தவளே கெங்கம்மாள்தான்.

இன்று கார்முகிலன் வந்தபோது அவள் வழக்கமான பதிலைச் சொல்லவில்லை.

“ஊசி போட்டா வண்டி வராதா சார்?”

“வண்டிய அனுப்பறது நான் இல்லம்மா.”

“நீ இல்ல சார், தெரியும். உன் நோட்ட யார் யார் பாப்பாங்க?”

“அது எனக்குத் தெரியாது. ஆனா காய்ச்சல் யாருதுன்னு கேட்டுட்டு வராதும்மா” என்றார்.

கெங்கம்மாள் முனிரத்தினத்தின் காலிக் கொட்டகையைப் பார்த்தாள். “எழுது சார். கெங்கம்மா. பதினாலு.”

மருந்தைக் கலக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். அவளோ ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டாள். ஒவ்வொன்றையும் பின்னங்காலைப் பிடித்து இழுத்து, முழங்காலால் அமுக்கி, “குத்து சார், இன்னா வேடிக்கை பாக்கற?” என்று அவரையே விரட்டினாள். பன்றிகள் போட்ட கூச்சலில் தெருவே காதைப் பொத்திக்கொண்டது. அவள் அசரவில்லை.

“வேற இருக்கா?” என்றார் கார்முகிலன்.

“இன்னா இருக்குது? அவ்ளோதான்.”

“அப்ப மீதி மருந்து வீண்தான். கொண்டுபோய் அழிச்சிடணும்.”

அவர் குப்பியை எடுத்து வைப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றவள், வீட்டுக்குள் போனாள். கட்டிலை நகர்த்தும் சத்தம் கேட்டது. ஒரு பெரிய வெள்ளைத் தாய்ப்பன்றியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தாள். இதை மட்டும் அமுக்கவில்லை. வாசலில் உட்கார்ந்து அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். ஊசி இறங்கும்போது முந்தானையால் அதன் கண்ணை மூடி, தன் கண்ணையும் இறுக்க மூடிக்கொண்டாள்.