டபுள் பாஸுக்கு மேலே ஒரு குரல்

பெங்களூரில் வேலை பார்த்தபோது, அலுவலகத்துக்கு அருகிலிருந்த ஓட்டலில் சாயங்காலங்களில் ஜாஸ் வாசிப்பார்கள். எல்லோரும் பியானோவையும் சாக்ஸபோனையும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் பின்னால் நிற்கும் மனிதரையே பார்ப்பேன். ஆளை விட உயரமான, வயலின் போன்ற ஒன்றை அணைத்தபடி விரலால் மீட்டிக்கொண்டிருப்பார். அந்த ஓசை காதில் விழுவதற்கு முன்பே வயிற்றில் விழுந்துவிடும். அதற்குப் பெயர் டபுள் பாஸ் என்று அவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டு, அவரிடமே கற்றுக்கொள்ளவும் தொடங்கினேன். பழைய பாஸ் ஒன்றையும் வாங்கினேன். வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று கம்பெனி சொன்னதும் அதையும் ஏற்றிக்கொண்டு சொந்த ஊரான போடிக்கே திரும்பிவிட்டேன்.

வேனிலிருந்து உறையோடு அதை இறக்கியபோது அண்ணன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"என்ன ஆத்தா இது? உள்ள ஆளு எதுவும் இருக்கா?"

வீட்டில் வாசிக்க முடியவில்லை. அடித்தந்தியை மீட்டினால் அலமாரிப் பாத்திரங்கள் முனகின. பக்கத்து வீட்டு அத்தை வந்து, "சுவத்துக்குள்ள மோட்டாரு ஓடுதா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அண்ணன்தான் வழி சொன்னான். "மேல ஸ்டோருக்குக் கொண்டு போயிரு. அங்க ஏலச்செடிதான் கேக்கணும்."

மலைமேல் போடிமெட்டைத் தாண்டி எங்களுக்குக் கொஞ்சம் ஏலத்தோட்டம் உண்டு. காயை உலர்த்தித் தரம் பிரிக்கும் கட்டிடத்தைத்தான் ஸ்டோர் என்போம். சனிக்கிழமைகளில் வேலைக்குப் போகும் பெண்களின் ஜீப்பில் நானும் ஏறிக்கொள்வேன். கொண்டை ஊசி வளைவுகளில் பாஸ் ஆடிவிடாமல் இருக்க, அவர்கள் அதை வரிசையாக மடிமேல் கிடத்திக்கொள்வார்கள். தூங்குகிற பிள்ளையைப் பிடிப்பதுபோல் ஆளுக்கொரு கை அதன்மேல் இருக்கும்.

காய் பொறுக்கும் அறையின் ஜன்னலோரம் நின்று வாசிப்பேன். அப்போது ஒரு மெதுவான மெட்டைப் பழகிக்கொண்டிருந்தேன். போனில் அதைப் பாதி வேகத்துக்குக் குறைத்துக் கேட்டு, முதலில் வாயால் முணுமுணுத்து, பிறகு விரலுக்குக் கொண்டுவர வேண்டும். பாஸின் வேலை நடப்பது. ஒரே சீராக நாலு நாலு அடியாக, அடுத்த ஸ்வரத்தைத் தேடி நடந்துகொண்டே இருக்க வேண்டும். ஜன்னல் வழியாக மூடுபனி உள்ளே வரும். அறை முழுக்க ஏலவாசம். ஒவ்வொரு ஓசையும் கையைவிட்டு இறங்கிப் பனிக்குள் நடந்து போவதுபோல் இருக்கும். எந்த இடத்தில் இருக்கிறேன் என்பதே மறந்து, போன வழியிலேயே மறுபடி போய்க்கொண்டிருப்பேன்.

ராசிங்காபுரத்திலிருந்து வரும் பெண் ஒருத்தி, என் வயதுதான் இருக்கும், ஒருநாள் காயைப் பொறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"அக்கா, இது எப்ப பாட்டா மாறும்?"

"இது பாட்டுக்கு அடியில வர்றது. மேல வர்றத வேற ஆளுக வாசிப்பாக."

"அந்த ஆளுக எங்க?"

அவள் கேட்கும்வரை, மேலே வாசிக்க ஆளில்லாதது ஒரு குறையாகவே எனக்குத் தோன்றியதில்லை.

ஒரு சனிக்கிழமை காலையிலிருந்தே மழை. மத்தியானம் லோடு இறக்கப் போன ஜீப் டிரைவர் நனைந்துபோய்த் திரும்பி வந்தார். "வளைவுல மண்ணு சரிஞ்சு கெடக்கு. ஜேசிபி வந்து அள்ளுனாத்தான் எறங்க முடியும்." யார் போனிலும் சிக்னல் இல்லை. ராசிங்காபுரத்துப் பெண் எழுந்து கதவோரம் போய் நின்றாள். சின்ன மகள் அரைநாள் பள்ளி முடிந்து வந்து பூட்டிய வீட்டைப் பார்ப்பாளே என்ற கவலை அவளுக்கு. போவதும் வருவதுமாக இருந்தாள். நான் பாஸை எடுத்து, பழகிய அதே மெட்டை வாசிக்கத் தொடங்கினேன்.

கொஞ்ச நேரத்தில் வேறொரு ஓசை கேட்டது. முதலில் காற்று என்றுதான் நினைத்தேன். அவள் ரோட்டைப் பார்த்தபடியே முனகிக்கொண்டிருந்தாள். சொல் இல்லை. எனக்குத் தெரிந்த மெட்டும் இல்லை. ஒரு ஸ்வரத்தில் ஏறி அங்கேயே நின்றாள். இறங்க மாட்டாளோ என்று நினைத்தபோது, நான் ஒரு சுற்று முடித்துத் திரும்பிய இடத்தில் மெல்ல வந்து இறங்கினாள். மறுபடி ஏறினாள். நிறுத்திவிடக் கூடாது என்ற ஒரே எண்ணத்தோடு நடந்துகொண்டே இருந்தேன். மற்றவர்களின் கைகள் காயின்மேல் அப்படியே நின்றிருந்தன. வெளியே மரங்கள் ஒவ்வொன்றாகப் பனியில் கரைந்தன. எவ்வளவு நேரம் அப்படிப் போனது என்று எங்களில் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

ஜீப்பின் ஹாரன்தான் எங்களை எழுப்பியது. "வெரசா ஏறுங்க! வழி விட்டாச்சு!"

மலை இறங்கும்போது ஜீப்பில் அவள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "நீங்க விடாம நடந்துக்கிட்டே இருந்தீக. அதான் நான் பாட்டுக்கு எங்கெங்கயோ போயிட்டு வந்தேன்" என்றாள். சிக்னல் வந்ததும் எதிர்வீட்டுக்குப் போன் போட்டாள். மகள் அங்கே தோசை தின்றுகொண்டிருந்தாள். அதைக் கேட்டபிறகுதான் அழுதாள்.

இப்போது டீ நேரத்தில் சில சனிக்கிழமைகள் பாடுவாள். சில நாள், "இன்னைக்கித் தொண்டை சரியில்லக்கா" என்று சொல்லிவிடுவாள். போன வாரம் கொஞ்சம் வேகமான மெட்டு ஒன்றைத் தொடங்கியிருக்கிறேன். என் விரல்கள் பாதியில் தடுக்கி விழுகின்றன. அவள் எனக்கு முன்னால் ஓடிவிட்டு, மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டு நிற்கிறாள்.