காலைச் சாப்பாட்டில் சொன்ன பெயர்

கனடாவுக்கு வந்து எத்தனையோ விஷயங்களுக்குப் பழகிவிட்டேன். ஆனால் காலைச் சாப்பாட்டுக்கு ஆட்களைக் கூப்பிட்டுக் கூட்டம் வைக்கிற வழக்கம் மட்டும் இன்னும் பிடிபடவில்லை. எங்கள் ஊரில் காலைச் சாப்பாடு வீட்டுக்குள்ளேயே முடிகிற காரியம். அரைத் தூக்கத்தில் பாண் ரொட்டியைச் சம்பலோடு விழுங்கிவிட்டு ஓடுவோம். அதற்கு விருந்தாளி எதற்கு? கூட்டம் என்றால் பின்னேரம்தான். பேச்சாளர் ஒரு மணித்தியாலம் பிந்தி வருவார், கழுத்தில் மாலை விழும், தலைவர் உரை, வாழ்த்துரை, நன்றியுரை எல்லாம் முடிந்த பிறகு சோடாவும் வடையும் வரும், அதுவும் மேடையில் இருக்கிறவர்களுக்கு. இங்கே தேர்தலில் நிற்கிற மனிதர் சனிக்கிழமை விடியக் காலையிலேயே வந்து, வாயில் முட்டையை வைத்துக்கொண்டு வாக்குக் கேட்கிறார்.

என்னை அந்தக் கூட்டத்துக்கு அழைத்தவர் மார்த்தா. ஸ்காபரோவில் யன்னல் செய்கிற தொழிற்சாலையொன்றில் எனக்குப் பக்கத்து மேசையில் ரப்பர் விளிம்பு ஒட்டுகிறவர். எல் சல்வடோர் நாட்டுக்காரி, ஐம்பது வயது இருக்கும். அவருடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் சேர்ந்தால் ஒரு முழு ஆங்கிலம் வரும் என்று எங்கள் போர்மன் பகிடி பண்ணுவார். மதியம் சாப்பாட்டு மேசையில் மார்த்தா என் மனைவியைப் பற்றி விசாரிக்காத நாள் இல்லை. “வந்துவிட்டாளா?” என்று கேட்பார். “இல்லை” என்பேன். வேறென்ன சொல்ல?

என் மனைவி கொழும்பில் ஒரு லொட்ஜில் இருக்கிறாள். கலியாணம் முடிந்து ஒரு மாதம்கூட நாங்கள் ஒன்றாக இருக்கவில்லை. அதற்குள் நான் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரனின் பின்னால் புறப்பட்டுவிட்டேன். அகதிக் கோரிக்கை ஏற்கப்பட்டு, காகிதங்கள் சரியாகி, அவளை ஸ்பொன்சர் பண்ணியும் காலம் போய்விட்டது. விசாவுக்காக அவள் ஊரை விட்டு வவுனியா இராணுவச் சோதனைச் சாவடியில் மறிபட்டு, பயணப் பாஸ் எடுத்துக் கொழும்புக்கு வந்து, தெரியாத பெண்கள் மூன்று பேரோடு ஓர் அறையில் காத்திருக்கிறாள். விசா அலுவலகத்தில் கேட்கும்போதெல்லாம் “செக்யூரிட்டி செக் முடியவில்லை” என்ற ஒரே பதில்தான். டோர்செட் பார்க்கில் என்னோடு அறையைப் பகிரும் குணம் அண்ணை இந்த விஷயங்களில் எங்களுக்கெல்லாம் சட்டத்தரணி மாதிரி. “பாராளுமன்ற எம்பி ஒராள் கேட்டால்தான் ஃபைல் அசையும் தம்பி. உன்ர எம்பியின்ர ஒஃபிசுக்கு எத்தினை தரம் போன் எடுத்தனி? மெசினிலைதானே பேசி வைச்சனி. ஆளை நேரை பிடிக்கவேணும்” என்றார்.

ஆகவே, தங்கள் சமூகத்தின் காலைச் சாப்பாட்டுக்கு வேட்பாளர்கள் வருகிறார்கள், அதில் ஒரு பெண் இப்போதே எம்பியாக இருப்பவர் என்று மார்த்தா சொன்னதும் நான் ஒப்புக்கொண்டேன். குணம் அண்ணை ஒரு பொன்னாடை கொண்டுபோகச் சொன்னார். போர்த்துகிற சாக்கில் காதுக்குள் விஷயத்தைப் போட்டுவிடலாமாம். பொன்னாடைக்கு எங்கே போவது? இருக்கிற ஒரே கோட்டைப் போட்டுக்கொண்டு கென்னடி ஸ்டேஷனில் ரயில் ஏறினேன். நகரத்தின் கிழக்கிலிருந்து மேற்குவரை போகும் அந்த நீண்ட பயணத்தில் சொல்லவேண்டிய ஆங்கில வசனத்தை வாய்க்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தேன்.

ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபம். நீள மேசைகள், காகித விரிப்பு, குழந்தைகள், கோப்பி வாசனை. என் தட்டில் முட்டையும் சிவப்பு அவரைக் களியும் பொரித்த வாழைப்பழமும் வந்தன. எங்களுக்கு வாழைக்காயைத்தான் பொரித்துப் பழக்கம். பழத்தைப் பொரித்து அதன்மேல் பாலாடை ஊற்றுகிறவர்களை அன்றுதான் கண்டேன். வேட்பாளர்கள் மூன்று பேரும் மேசை மேசையாக வந்து கை கொடுத்தார்கள். உங்கள் ஆதரவை நம்பலாமா என்று மூன்று பேரும் கேட்டார்கள். முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லி வளர்ந்தவனல்ல நான். மூன்று பேருக்கும் “யெஸ், யெஸ்” என்றேன். எனக்கு இந்த நாட்டில் வாக்கே இல்லை என்பதை அவர்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வாடகைக்கு இருப்பவர்களின் உரிமை பற்றி ஒரு சட்டத்தரணியும், பிள்ளைகளின் தடுப்பூசி பற்றி ஒரு தாதியும் பேசினார்கள். அவர்கள் பேசப் பேச மண்டபம் முழுவதும் மென்றது. பேசுகிறவருக்கு முன்னால் சாப்பிட எனக்குக் கை வரவில்லை, என் முட்டை ஆறிப்போனது.

எம்பியம்மா நடு மேசையில் இருந்தார். உயரமான, நரைத்த கூந்தலுடைய பெண். அவரைச் சுற்றி எப்போதும் நாலு பேர் நின்றார்கள். வசனம் வாய்க்குள் கிடந்து காய, நான் நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேட்பாளர்கள் பேசுவதற்கு முன் மார்த்தா எழுந்து முன்னால் போய் நின்றார். ஸ்பானிய மொழியில் ஏதோ சொல்லிவிட்டு உரத்த குரலில் ஓர் ஆணின் பெயரைச் சொன்னார். மண்டபம் முழுவதும் ஒரே குரலில் “பிரெசென்தே!” என்றது. அடுத்த மேசையில் ஒரு கிழவர் எழுந்து ஒரு பெயர் சொன்னார். “பிரெசென்தே!” ஒரு பெண் இரண்டு பெயர் சொன்னாள். சிறு பிள்ளைகள்கூட வாயில் உணவோடு கத்தினார்கள். எனக்கு விளங்கிவிட்டது. பள்ளிக்கூடத்தில் இடாப்புக் கூப்பிடும்போது நாங்கள் “பிரசன்ட் சேர்” சொல்லவில்லையா? இன்றைக்கு வரமுடியாமல் போன தங்கள் வீட்டு ஆட்களின் பெயரைச் சொல்கிறார்கள், அவர்களுக்குப் பதிலாக மற்றவர்கள் வரவு கொடுக்கிறார்கள். எவ்வளவு நல்ல வழக்கம் என்று நினைத்தேன். எங்கள் மேசையின் முறை வந்தது. மார்த்தா என்னைப் பார்த்தார். எழுந்து நின்று சொன்னேன்.

“யோகமலர்.”

“பிரெசென்தே!”

நூறு தொண்டைகளாவது இருக்கும். உண்மையைச் சொன்னால், நான் என் மனைவியின் பெயரை ஒருநாளும் உரத்துச் சொன்னதில்லை. எங்களில் யார் சொல்கிறார்கள்? அவள் என்னை “இஞ்சாருங்கோ” என்பாள், நான் அவளை “இஞ்சேரும்” என்பேன். சேர்ந்திருந்த அந்தக் கொஞ்ச நாளில் நான் கண்டுபிடித்த ஒரு பழக்கம் அவளுக்கு உண்டு: எதையாவது தேடினால் அதன் பெயரைச் சொல்லிச் சொல்லித் தேடுவாள். “கத்தரிக்கோல், கத்தரிக்கோல்” என்று வீடு முழுவதும் நடப்பாள், அது எங்கேயோ இருந்து பதில் தரப்போவதுபோல. நான் பகிடி பண்ணுவேன். இப்போது அவளுடைய முகத்தை நினைத்தால் கலியாணப் படத்து முகம்தான் வருகிறது. அந்தப் பழக்கம் மட்டும்தான் உயிரோடு வருகிறது.

நான் கதிரையில் இருந்ததும் பக்கத்திலிருந்த பெண் சிலுவைக் குறி போட்டாள். தன் தட்டிலிருந்த வாழைப்பழத்தை எடுத்து என் தட்டில் வைத்தாள். ஒருவர் என் முதுகைத் தட்டிவிட்டுப் போனார். என்ன அன்பான சனம் என்று நினைத்து, ஆறிய முட்டையை ஆசையோடு சாப்பிடத் தொடங்கினேன். பேச்சுகள் முடிந்ததும் எம்பியம்மா தானாகவே என்னிடம் வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“மிகவும் வருந்துகிறேன்,” என்றார் ஆங்கிலத்தில். “யோகமலர் உங்களுக்கு யார்? எப்படி இறந்தார்?”

ரயிலில் பாடமாக்கிய வசனம் முழுவதும் பறந்துவிட்டது. “நோ! நோ! மை வைஃப். அலைவ்! கொழும்பு! விசா!” என்று கத்தினேன். சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அம்மாவின் முகம் சிவந்துவிட்டது. என்னைக் கதிரையில் இருத்தி, பக்கத்தில் தானும் இருந்து, ஆறுதலாகக் கேட்டார். சொன்னேன். ஸ்காபரோவில் இருக்கிறேன் என்றதும், அது தன் தொகுதி இல்லை, அங்குள்ள எம்பியிடம்தான் முறைப்படி போகவேண்டும் என்றார். பிறகு, செத்தவள் என்று நினைத்துத் துக்கம் விசாரித்துவிட்டதாலோ என்னவோ, யோகமலர் என்ற பெயரைச் சரியாக வரும்வரை சொல்லிப் பழகினார். “நான் திரும்பவும் வென்றால் என் அலுவலகம் விசாரிக்கும்” என்றார். அப்படியாக, எனக்கு வாக்கில்லாத ஒரு தேர்தலில், நான் வசிக்காத ஒரு தொகுதியில், என் குடும்ப வாழ்க்கை போய்த் தங்கிக்கொண்டது.

மார்த்தாவைப் பிடித்துக் கோபத்தோடு கேட்டேன். “செத்தவர்களின் பெயர் என்று ஏன் சொல்லவில்லை?”

“நீ எழுந்து நின்றாய். அவளுக்கு ஏதோ நடந்துவிட்டது, வேலையில் சொல்ல முடியாமல் இங்கே சொல்கிறாய் என்று நினைத்தேன்,” என்றார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது. “செத்தவர்களுடைய பெயர் மட்டும் அல்ல. நான் சொன்னது என் தம்பியின் பெயர். பட்டாளம் கொண்டுபோனது. இருக்கிறானா இல்லையா என்று யாரும் சொல்லவில்லை. அதனால் நாங்கள் சொல்கிறோம், இருக்கிறான் என்று.”

அதற்குமேல் என்னால் கோபப்பட முடியவில்லை. ஆனாலும் பயம் விடவில்லை. தாலி கட்டிய உயிருள்ள பெண்ணின் பெயரைச் செத்தவர்களோடு சேர்த்து நூறு பேர் வாயால் சொல்ல வைத்துவிட்டேன். எங்கள் வீட்டில் இதைச் சொன்னால் என் தாய் என்னை வாசற்படி ஏற விடமாட்டார். திரும்பி வரும் வழியில் நேரே கோயிலுக்குப் போனேன். பண்டகசாலைகளுக்கு நடுவில், முன்பு கார்ப்பெட் விற்ற கட்டடத்தில் எங்கள் பிள்ளையார் இருக்கிறார். ஐயர் அர்ச்சனைக்குப் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். வழக்கமாகக் குடும்பத்துக்கு என்று பொதுவாகச் சொல்லிவிடுவேன். அன்று “யோகமலர், உத்தரம்” என்றேன். ஐயர் அந்தப் பெயரை மந்திரத்துக்குள் வைத்துச் சொன்னபோது கொஞ்சம் மனப்பாரம் இறங்கியது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறுகளில்தான் லொட்ஜுக்குப் போன் எடுப்பேன். மனேச்சரின் மேசையில் இருக்கிற தொலைபேசி. அவள் படியிறங்கி ஓடி வந்து மூச்சு வாங்கிக்கொண்டு பேசுவாள். சொல்லக்கூடாது என்றுதான் எடுத்தேன். ஆனால் “என்ன, குரல் ஒரு மாதிரிக் கிடக்கு?” என்று அவள் கேட்டதும் எல்லாம் வாயில் வந்துவிட்டது. சாப்பாடு, வேட்பாளர்கள், எம்பியம்மா, மார்த்தாவின் தம்பி, நான் செய்த பிழை, அர்ச்சனை. சொல்லி முடித்துவிட்டு, “குறை நினையாதையும்” என்றேன்.

அழப்போகிறாளோ என்று பயந்தேன்.

“என்ர பேரையோ சொன்னீங்கள்? எல்லாருக்கும் முன்னாலை?”

“ஓம்.”

“அவை எல்லாரும் நான் இருக்கிறன் எண்டு சொன்னவையோ?”

“ஓம். நூறு பேராவது இருக்கும்.”

அவள் மெல்லச் சிரித்த மாதிரி இருந்தது. “இஞ்சை ராவிலை பொலிஸ் செக்கிங் வந்து லொட்ஜிலை பேர் கூப்பிடேக்கை, நான்தான் வரிசையிலை நிண்டு ‘இருக்கிறன், இருக்கிறன்’ எண்டு சொல்லவேணும். ஒருநாள் நித்திரைக் கலக்கத்திலை வாய் வரேல்லை. பக்கத்து அறை அக்கா சொல்லி, பிடிச்சுக்கொண்டு போகாமல் காப்பாத்தினவ. உங்களுக்கு நான் இதைச் சொல்லேல்லை. அங்கை நான் இல்லாமலே நான் இருக்கிறன் எண்டு அத்தினை பேர் சொல்லியிருக்கினம். இஞ்சாருங்கோ, திரும்ப அப்பிடி ஒரு சாப்பாடு வைச்சால் போங்கோ. போய் என்ர பேரைச் சொல்லுங்கோ.”