சோற்றுக்கடியில் ஒரு முட்டை

நசுங்கிய மூடியுள்ள அந்த அலுமினியத் தூக்குவாளியில்தான் இன்றும் சித்தப்பாவுக்குக் கழனிக்குச் சோறு போகிறது. அதன் அடியில் ஒளிந்திருந்த ஒரு சமாதானத்தை ஊரறியச் சொல்லிக் கைதட்டல் வாங்கியவள் நான்.

விடுமுறைகளில் அவர்கள் வீட்டில் தங்கி அந்தத் தூக்கைச் சுமந்திருக்கிறேன். சித்திக்கும் அவருக்கும் சண்டை வந்தால் இரண்டு நாள் பேச்சிராது. மூன்றாம் நாள் சோற்றுக்கடியில் ஓர் அவித்த முட்டை புதைந்திருக்கும். அவர் பாதியை உண்டு, மீதியைத் தூக்கிலேயே திருப்பி அனுப்புவார். சித்தி அடுப்படியில் நின்றபடியே அதை வாயில் போட்டுக்கொள்வாள். மாலையில் வீட்டில் மீண்டும் பேச்சுக் கேட்கும். மன்னிப்பு என்ற சொல்லை இருவரும் உச்சரித்ததில்லை. ஒருமுறை அவள் அப்படி உண்பது என் கண்ணில் பட்டபோது, "வெளிய சொல்லிடாதடி, மானம் பூடும்" என்று சிரித்தாள்.

சொன்னேன். உத்திரமேரூரில் திருவிழாப் பட்டிமன்றம். இல்லறத்தில் முதலில் இறங்கி வருபவர் மனைவியே என்பது என் கட்சி. சான்று தேடிய நாவுக்கு அந்த முட்டை வாகாக அகப்பட்டது. 'என் சித்தி' என்றுதான் சொன்னேன், பெயரில்லை. ஊருக்கு அது போதாதா? சிரிப்பில் பந்தல் அதிர்ந்தது. மூன்றாம் வரிசையில் சித்தி தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாணம் என்று கொண்டேன்.

மறுநாள் நடவுப் பெண்கள் சித்தப்பாவை விடவில்லை.

"இன்னா மாமா, இன்னிக்கி சோத்துல முட்ட கீதா, இல்ல அக்கா இன்னும் கோவமாத்தான் கீதா?"

அவரும் சிரித்தார். ஆனால் முட்டை நின்றுபோயிற்று. மகளை வெளியூர் விடுதியில் சேர்ப்பது பற்றி அடுத்து வந்த சண்டை முடிவதற்கு வழியே இருக்கவில்லை. மாதங்கள் ஆகின்றன. நான் போனால் என் வழியாகப் பேசுகிறார்கள்: "அவரத் துன்னச் சொல்லு." "பசிக்கலன்னு சொல்லு."

சென்ற வாரம் சித்தி மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருந்த நேரம், நானே ஒரு முட்டையை அவித்துச் சோற்றுக்கடியில் புதைத்தேன். மோட்டார் கொட்டகையில் அமர்ந்து உண்ட சித்தப்பாவின் விரல்கள் ஓரிடத்தில் நின்றன.

"இது நீ வச்சது."

எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

"அவ வச்சா, பாதி பாதியா பிரியறாப்பல நூலு போட்டு அறுத்து வச்சிருப்பா."

அந்த நூலை நான் அறிந்திருக்கவில்லை. மேடையில் எல்லாம் அறிந்தவளாகப் பேசியிருந்தேன்.

சோற்றை மட்டும் உண்டு மூடியை அழுத்தித் தந்தார். வரப்பில் நடக்கையில் வெறும் தூக்கில் முட்டை உருண்டு உருண்டு தட்டியது. வீடு நெருங்கியதும், சித்தியின் காதில் விழாதிருக்க, தூக்கைச் சாய்த்து மார்போடு அணைத்துக்கொண்டேன்.