அசையாத சராசரி

இரண்டு வருடங்களுக்கு முன், ஈஸ்டர் விடுமுறையில், கொட்டாரத்தில் எங்கள் வீட்டு வாசலில் நடந்தது இது.

என் கணவர் இன்சுலின் போடுகிறவர். அவர் கையில் ஒட்டியிருக்கும் சென்சார், சில நிமிடங்களுக்கு ஒருமுறை சர்க்கரை அளவை அவருடைய போனுக்கு அனுப்பும். ஆராதனை நடுவே ஒருநாள் சர்க்கரை இறங்கிவிட்டதாகப் போன் அலறியதில் வெட்கப்பட்டு, அலாரத்தையே அணைத்துவிட்டார். "விடுங்க, நான் பாத்துக்கிடுதேன்" என்றேன்.

நான் வீட்டிலிருந்து மென்பொருள் வேலை பார்ப்பவள். எண் வரிசைகளை மொத்தமாகக் கையாளும் கணினி மொழி ஒன்று எனக்குப் பழக்கம். போனுக்கு வரும் எண்கள் என் கணினிக்கும் வரும்படி செய்தேன். சென்சார் அவ்வப்போது தாறுமாறாகக் காட்டும் என்பதால், ஓடும் சராசரி கணக்கிடும் நிரல் ஒன்றை அந்த மொழியில் எழுதினேன். புது எண் வந்ததும், அதற்கும் பழைய சராசரிக்கும் உள்ள வித்தியாசத்தை, அதுவரை வந்த எண்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பழைய சராசரியோடு கூட்டும். ஒரே வரிதான். சராசரி இறங்கினால் கணினி மணியடிக்கும். எனக்கு ஒரே பெருமை.

அன்று பத்மநாபபுரம் அரண்மனைக்குப் புறப்பட்டோம். மகள்கள் இருவரும் காரில் ஏறிவிட்டார்கள். அவர் வாசலில் நின்று கத்தினார்.

"ஏட்டி, சாவிய எங்க கொண்டு வச்ச?"

சாவி அவர் கையிலேயே இருந்தது. கத்துகிற ஆளும் இல்லை அவர். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

உள்ளே ஓடிக் கணினியைப் பார்த்தேன். சராசரி நன்றாகவே இருந்தது. ஒரு கணம் நிம்மதிகூட வந்தது. ஆனாலும் மனசு கேட்காமல் அவர் போனை வாங்கிப் பார்த்தேன். எழுபதுக்குக் கீழே இறங்கினாலே ஆபத்து; அதில் ஐம்பதுக்கும் கீழே!

சாவியைப் பிடுங்கிவிட்டு, சர்க்கரை கரைத்த தண்ணீரை நீட்டினேன்.

"எனக்கு ஒண்ணும் இல்லட்டி."

"ஒண்ணும் இல்லன்னா குடிங்க. பொறவு பேசலாம்."

குடித்தார். கொஞ்ச நேரத்தில் முகம் தெளிந்தது. "பிள்ளைங்க எங்க?" என்று அவருடைய வழக்கமான குரலில் கேட்டதும், நான் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

பிறகுதான் உறைத்தது. வாரக்கணக்கில் எண்கள் சேர்ந்து கிடக்கின்றன. வித்தியாசத்தை ஆயிரக்கணக்கான எண்ணிக்கையால் வகுத்தால், எவ்வளவு மோசமான புது எண்ணும் சராசரியை அசைக்காது. கடைசியாக வந்த சில எண்களை மட்டும் எடுக்கும்படி அன்றே மாற்றினேன். போன் அலாரத்தையும் திரும்பப் போட்டோம்.

அந்தக் கார் அன்று ரோட்டில் ஏறாமல் போனதை நினைத்து இன்றும் பெருமூச்சு விடுகிறேன். திரையில் எல்லாம் சரியாக இருந்தாலும், அவர் முகத்தை ஒருமுறை பார்த்த பிறகுதான் எனக்கு நிம்மதி வருகிறது.