மஞ்சள் ஆமைக்கு ஒரு கோட்டிங்

எங்கள் தெருவில் செல்போன் வந்த புதிதில் வீட்டில் ஓர் ஆமை வளர்த்தோம். பிறவியிலேயே நிறமில்லாத ஆமை. உடம்பு வெளிர் மஞ்சள், கண் சிவப்பு. எங்கள் ஊரான விருத்தாசலத்தில் பீங்கான் வேலை பார்ப்பவர்கள் அதிகம். பார்க்க வந்தவர்களெல்லாம், பீங்கானில் விரிசல் இருக்கிறதா என்று சோதிப்பதுபோல அதன் ஓட்டைச் சுண்டினார்கள். அது பயந்து தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும். சுண்டாதீர்கள் என்றால், தலையாட்டிவிட்டு இன்னொரு முறை சுண்டுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் பொம்மைகளுக்கு வண்ணம் பூசும் பக்கத்து வீட்டு மாமாவும் வந்து சுண்டினார்.

“கலரே ஏறல. கறுப்பு பெயிண்ட்டு எடுத்தாரேன். ஒரு கோட்டிங் குடுத்துட்டா அசல் ஆமையா ஆயிடும்,” என்றார்.

டை அடித்துக் கன்னங்கரேலென்றிருந்த அவர் தலையைப் பார்த்தேன்.

“உங்க தலைக்கு அடிச்சது போவ மிச்சம் இருந்தா கொண்டாங்க மாமா,” என்றேன்.