சின்னம்மாவின் பாட்டுக்கு நான் உழக்கிய சைக்கிள்

சண்டையால் மின்சாரம் போன நாளிலிருந்து எங்கள் வீட்டு ரீவி, பூவேலை செய்த துணியொன்றைப் போர்த்திக்கொண்டு, அம்மாவின் பூச்சாடி வைக்கும் மேசையாக உத்தியோகம் பார்த்தது. பற்றறியும் கிடையாது. ஆனால் சைக்கிள் இருந்ததே! அதை ஸ்டாண்டில் ஏற்றி, டைனமோவைப் பின்சக்கரத்தில் சாய்த்து, வயரை ரேடியோ கசெற்றுக்குக் கொடுத்து, ஒருவர் உழக்க மற்றவர்கள் பாட்டுக் கேட்போம். யாழ்ப்பாணத்துத் தென்மராட்சியில் அப்போது வீட்டுக்கு வீடு இந்தக் கூத்துத்தான். வேகமாக உழக்கினால் பாடகர் கீச்சிடுவார். களைத்துப்போனால் வயிற்றுவலிக்காரர் போல முனகுவார். பத்து வயதில் எனக்கு அதைவிடப் பெரிய அதிகாரம் வேறெதுவும் கிடைக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் சின்னம்மாவுக்குக் கனடாவிலிருந்து சம்பந்தம் வந்தது. சின்னம்மா அம்மாவின் தங்கை; எங்களோடு இருந்து, பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சங்கீதம் படிப்பித்தவர். மாப்பிள்ளைக்குச் சின்னம்மாவின் படம் பிடித்துவிட்டதாம். குரலையும் கேட்க ஆசை, ஒரு தேவாரம் பாடிப் பதிந்து அனுப்புங்கள் என்று எழுதியிருந்தார்.

"ஆறின கஞ்சி பழங்கஞ்சி. உடனை பதிஞ்சு அனுப்புவம்" என்றார் அப்பா.

"ஆக்கப் பொறுத்தனீங்கள், ஆறப் பொறுங்கோவன்" என்றார் அம்மா.

இந்த இரண்டு பழமொழிகளும் முட்டிக்கொள்ளாமல் எங்கள் வீட்டில் ஒரு காரியமும் நடந்ததில்லை. அந்த முறை அப்பா வென்றார். சனிக்கிழமை பின்னேரம் பதிவு.

உழக்குவது அண்ணை என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவனுடைய கால் நிதானமான கால். சின்னம்மா ஒரேயடியாக மறுத்துவிட்டார்.

"சின்னவள் உழக்கட்டும், அத்தான். இல்லாட்டி நான் பாடமாட்டன்."

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்! திருவிழாச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஓடிப்போய்ச் சைக்கிளில் ஏறினேன். சின்னம்மா என் காதுக்குள், "மெதுவா உழக்கு, குஞ்சு. இன்னும் மெதுவா. அவசரமே இல்லை" என்றார். சைக்கிள் யன்னலுக்கு வெளியே; பாட்டு உள்ளே. மூச்சைப் பிடித்துக்கொண்டு, அவர் சொன்னதைவிடவும் மெதுவாக உழக்கினேன். பதிந்ததைப் போட்டுப் பார்த்தபோதும் நானே அதே வேகத்தில் உழக்கினேன். பாட்டு அச்சொட்டாக அவர் பாடியபடியே இருந்தது. அப்பா கண்ணை மூடித் தலையாட்டினார். என்னால்தான் சின்னம்மாவுக்குக் கலியாணம் நடக்கப்போகிறது என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. பெண்ணுக்குக் கிளிக்குஞ்சின் குரலாக இருக்கிறதாம். தேவாரமும் பஸ்சைப் பிடிக்க ஓடுகிற மாதிரி ஓடுகிறதாம். அவர்கள் வேறு இடம் பார்க்கிறார்களாம்.

அண்ணைக்கு உடனே விளங்கிவிட்டது. "மெதுவா உழக்கிப் பதிஞ்சதை அங்கத்தைக் கரண்டிலை போட்டால் கடுகதியாத்தானே ஓடும்!"

"உவளை நம்பிக் குடுத்தியளே!" என்று அப்பா தலையில் அடித்துக்கொண்டார்.

நான் கிணற்றடிக்குப் போய் விக்கி விக்கி அழுதேன். ஒரு கலியாணத்தை என் இரண்டு காலாலும் குழப்பிவிட்டேனே! சின்னம்மா தேடி வந்து என்னைக் கட்டிக்கொண்டார்.

"ஏனடி அழுறாய்? மெதுவா உழக்கச் சொன்னது நானெல்லோ?"

அவர் சிரித்துக்கொண்டே என் முகத்தைக் கழுவிவிட்டார். என்னைத் தேற்றுவதற்காகப் பழியைத் தன்மேல் போட்டுக்கொள்கிறார் என்று நினைத்து, நான் இன்னும் பலமாக அழுதேன்.

அடுத்த வருடம் சின்னம்மா தன் பள்ளிக்கூடத்துக் கணக்கு மாஸ்டரையே கலியாணம் செய்தார். கலியாண வீட்டில் மாலையும் கழுத்துமாக இருந்த புதுச் சித்தப்பா, அத்தனை சனத்துக்குள்ளும் என்னைக் கூப்பிட்டு, ஒரு சோடி வெள்ளிக் கொலுசைக் கையில் தந்தார். "உந்தக் காலுக்குத்தான்" என்றார். பக்கத்தில் சின்னம்மா தலையைக் குனிந்து சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். வந்த கலியாணத்தைக் குழப்பிய காலுக்கு யாராவது கொலுசு போடுவார்களா என்று விளங்காமல், நான் அவர்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.