உத்தரவாதம் கிடையாது

தெருவில் எல்லாருக்கும் அவள் கறையம்மா. அவளுடைய சலவைக் கடைக்கு வராத கறை இல்லை. துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "போகும்னு நினைக்கிறேன், உத்தரவாதம் கிடையாது" என்பாள். 'கண்டிப்பா போயிடும்' என்று அடித்துச் சொல்கிற சலவைக்காரர்களை அவள் ஒருநாளும் நம்பியதில்லை.

அவளுடைய சிறுநீரகங்கள் இரண்டும் கைவிரித்து நாலு வருஷம். வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். நாள் முழுக்கத் தண்ணீரில் நின்று வேலை செய்கிறவளுக்குக் குடிக்க நாலே நாலு சின்ன டம்ளர். அதை அளந்து கொடுப்பது இஸ்திரி போடும் கணவர். இந்த விஷயத்தில் மனுஷன் மகா கஞ்சன்.

ஒரு நாள் காலையில் டாக்டர் அவசரமாக வரவழைத்தார்.

"மூளைச்சாவு அடைஞ்ச ஒருத்தரோட கிட்னி உங்களுக்குப் பொருந்துதும்மா. நல்ல கிட்னி. ஆனா அவருக்கு ஹெபடைட்டிஸ் சி கிருமி இருந்துச்சு. அது உங்களுக்கும் வரும். மூணு மாசம் மாத்திரை சாப்பிட்டா அனேகமா போயிடும். வேண்டாம்னா காத்திருக்கலாம். எத்தனை வருஷம்னு தெரியாது."

"தெரிஞ்சே வியாதியை வாங்கிக்கணுமா?" என்றார் கணவர்.

அவள் டாக்டரையே பார்த்தாள். "கண்டிப்பா போயிடுமா டாக்டர்?"

"நூத்துல தொண்ணூத்தஞ்சு பேருக்காவது போயிடும். கண்டிப்பான்னு சொல்லமாட்டேன்."

"இவரு நம்ம ஆளுங்க" என்று கணவரிடம் சொல்லிவிட்டு, கையெழுத்துப் போட்டாள்.

அவளை ஸ்ட்ரெச்சரில் ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது, கணவர் பையிலிருந்து இரண்டு பாதியிலும் ஒரே நம்பர் போட்ட கடை டோக்கன் ஒன்றை எடுத்து, துணி வாங்கும்போது கிழிப்பதுபோல் இரண்டாகக் கிழித்தார். பாதியை நர்ஸிடம் கொடுத்தார். "மீதி என்கிட்ட இருக்கும்மா. பத்திரமா திருப்பிக் கொடுத்துடுங்க." அவளைச் சிரிக்கவைக்கத்தான் சொன்னார். நர்ஸ் அதை அவள் கோப்பில் குத்திவைத்தாள்.

சிறுநீரகம் அன்றைக்கே வேலையைத் தொடங்கிவிட்டது. "நிறைய தண்ணி குடிங்க" என்று டாக்டர் சொன்னதும், கணவர் பழக்க தோஷத்தில் சின்ன டம்ளரைத் தேட, வார்டே சிரித்தது. சொன்னபடியே கிருமியும் வந்தது. முகம் தெரியாத அந்த மனிதருக்கு மனசுக்குள் நன்றி சொல்லாமல் அவள் ஒரு மாத்திரையும் விழுங்கவில்லை.

மாத்திரை முடிந்து மூன்று மாதம் கழித்துக் கடைசிப் பரிசோதனை. டாக்டர் நீட்டிய தாளை அவள் பழக்கப்படி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"சுத்தமா போயிடுச்சும்மா. இப்ப கண்டிப்பா சொல்றேன்."

இத்தனை மாதமும் சட்டையோடு சேர்த்துத் தோய்த்துவிடாமல் காப்பாற்றிய பாதி டோக்கனைக் கணவர் மேஜைமேல் வைத்தார். டாக்டர் கோப்பைப் புரட்டி, மறுபாதியை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நம்பர் சரியாக இருந்தது.

"கூட்டிட்டுப் போங்க" என்றார்.